வரைபடமும் செயற்கைக்கோளும்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: மகள் பிளஸ் டூவில் கணிதப் பிரிவு படிக்கிறாள். ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் (நிலம், இடம் பற்றிய தரவுகளைக் கணினியில் கையாளும் படிப்பு) எடுக்கச் சொல்லலாமா? (ஒரு தாய், மார்த்தாண்டம்)

பதில்: கணிதத்தில் உண்மையான ஈடுபாடு இருந்தால் தாராளமாகச் சொல்லலாம். 1794-இல் நிலஅளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரியில் இதற்கென்றே பி.இ. படிப்பு இருக்கிறது. அங்கே இடம் கிடைக்காவிட்டால் மனம் தளர வேண்டாம். சிவில், கணினி அறிவியல், புவியியல் ஆகியவற்றில் ஒன்றை முடித்துவிட்டு முதுநிலையில் இத்துறைக்கு வருவோர் பலர். நமக்குப் பக்கத்திலேயே, திருவனந்தபுரம் வலியமலையில் உள்ள இந்திய விண்வெளி அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனத்தில் எம்.டெக். உண்டு. எந்தக் கல்லூரியானாலும் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். மென்பொருள்களின் பெயர்களை மட்டும் அடுக்கியிருந்தால் விலகிவிடுங்கள். ஆயத்தொலைவு முறைகள் (இடத்தை எண்களால் குறிக்கும் முறைகள்), பிழைக் கணக்கீடு, களப்பயிற்சி ஆகிய மூன்றும் இருந்தால் நம்பிச் சேர்க்கலாம்.

கேள்வி: பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எனக்கு இத்துறையில் வழி உண்டா? (குலசேகரம்)

பதில்: உண்டு. ஐடிஐயில் சர்வேயர் பிரிவு இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி, 18 வயது நிரம்பிப் பத்தாம் வகுப்புத் தேறியவர்கள், அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் பயிற்சி பெற்று ட்ரோன் இயக்கும் சான்றிதழும் பெறலாம்.

கேள்வி: நாகர்கோவிலில் ரோவர் (செயற்கைக்கோள் சமிக்ஞையால் இடத்தை அளக்கும் கருவி) வைத்து எடுத்த புள்ளிகளைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஏற்றினால், அவை இலங்கைக்குக் கிழக்கே கடலில் விழுகின்றன. கருவி பழுதா? (டிப்ளமோ மாணவர், தோவாளை)

பதில்: கருவியில் குறையில்லை, மண்டலத்தைத் தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள். யூடிஎம் என்ற ஆயத்தொலைவு முறை பூமியை ஆறு டிகிரி அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கிறது. 43-க்கும் 44-க்கும் எல்லை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. மதுரை, திருச்சி, சென்னை எல்லாம் 44-இல் வர, குமரி மாவட்டம் முழுவதும் 43-இல் அடங்குகிறது. சென்னைத் தரவை வைத்துச் செய்த பயிற்சியின் அமைப்பை அப்படியே இங்கே பயன்படுத்தினால், மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராமல் உங்கள் புள்ளியைச் சரியாக ஆறு டிகிரி, அதாவது ஏறத்தாழ 660 கிலோமீட்டர், கிழக்கே தள்ளிவிடும். ஆயத்தொலைவு முறையை மென்பொருளுக்குச் சொல்லும் ஈபிஎஸ்ஜி எண்ணை 32644-இலிருந்து 32643-க்கு மாற்றுங்கள். புள்ளிகள் ஊருக்குத் திரும்பிவிடும். கடலில் விழுந்ததால் இந்தப் பிழை கண்ணில் பட்டது. சில மீட்டர் மட்டும் தள்ளி விழும் பிழையைக் கண்டுபிடிப்பதே சர்வேயரின் உண்மையான திறமை. ஆகையால், நன்கு தெரிந்த ஓர் இடத்தின் புள்ளியையும் சேர்த்து எடுத்துச் சரிபார்க்கும் வழக்கத்தை இப்போதே ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பா ஆழ்கடல் மீன்பிடித் தொழிலாளி, ஜிபிஎஸ் இல்லாமல் கடலுக்குப் போவதில்லை. நம் நாட்டின் செயற்கைக்கோள் வழிகாட்டி அமைப்பான நாவிக் அதிலிருந்து வேறா? (தூத்தூர்)

பதில்: அடிப்படை ஒன்றுதான். நிலை குறிக்கும் மூன்று அளவுகளோடு, கருவியின் கடிகாரப் பிழையும் தெரியாத எண்ணாக இருப்பதால், குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை வேண்டும். ஜிபிஎஸ் கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் உலகைச் சுற்றுகின்றன. நாவிக் கோள்களோ சுமார் 36,000 கிலோமீட்டரில், இந்தியாவையும் சுற்றுப்புறத்தையும் நோக்கி அமைக்கப்பட்டவை. முதல் கோள் 2013-இல் ஏவப்பட்டது. 2023-இல் ஏவப்பட்ட என்விஎஸ்-01, ஜிபிஎஸ்ஸும் பயன்படுத்தும் எல்1 அலைவரிசையிலும் ஒலிபரப்பக்கூடியது. ஒக்கிப் புயலில் உறவுகளை இழந்த உங்கள் கரைக்கு, கரையிலிருந்து எச்சரிக்கையைக் கடலுக்குள் கொண்டுசேர்க்கும் கருவிகளை வடிவமைக்க உங்களைப் போன்ற பிள்ளைகள் வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். எலக்ட்ரானிக்ஸ் எடுத்துப் படியுங்கள்.

கேள்வி: சொத்தவிளைக் கடற்கரையில் நின்றபோது கருவி உயரத்தை மைனஸ் 90 மீட்டருக்கும் கீழே காட்டியது. எப்படி? (நாகர்கோவில்)

பதில்: கருவி காட்டியது கடல் மட்டத்திலிருந்து அளந்த உயரம் அன்று; பூமியின் கணித வடிவமான நீள்வட்டக் கோளத்திலிருந்து அளந்தது. இந்தியாவுக்குத் தெற்கே ஈர்ப்பு குறைவாக இருப்பதால், இங்கே கடல் மட்டமே அந்தக் கோளத்துக்கு வெகு கீழே அமைகிறது. கடல் மட்டம் அந்தக் கோளத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று இடவாரியாகச் சொல்லும் ஜியாய்ட் மாதிரியைப் பயன்படுத்தித் திருத்திய பிறகே அந்த எண்ணை வடிகால், சாலை வேலைகளுக்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.