வயலை விற்காதீர்கள் அண்ணாச்சி

அண்ணாச்சி, எந்தப் படிப்பில் சேர்ப்பது என்று கேட்க, உங்கள் மகனை, நம் தம்பியை, போன சனிக்கிழமை கூட்டிக்கொண்டு நீங்களும் மதினியும் வந்திருந்தபோது, "எல்லாம் நல்லபடியாக நடக்கும், யோசிக்கலாம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மதினி கண்கலங்கி உட்கார்ந்திருந்ததால் அதற்கு மேல் பேச மனம் வரவில்லை. ஆனால் அது போதாது. இதே கவலை இன்னும் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. அதனால் பெயர் சொல்லாமல் பொதுவிலேயே எழுதுகிறேன்.

கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ். விடுதியோடு சேர்த்து நான்கு வருடத்துக்கு 12 லட்சம். முக்கூடல் வயலை விற்றுவிட்டால் ஆகிவிடும் என்று சென்னையில் இருக்கும் மைத்துனர் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நம் தம்பியோ பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறியவன். இந்தப் படிப்பு முழுக்கக் கணக்கின் மேல் நிற்கிறது. அந்த மைத்துனர் அரியர் பரீட்சை எழுதப் போவதில்லை, வயலை இழக்கப் போவதும் இல்லை. நான் இதற்குச் சம்மதிக்க மாட்டேன்.

"உனக்கு என்னப்பா வேணும்?" என்று கேட்டபோது அவன் முதலில் மதினியைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக "ஃபயர் சர்வீஸ்" என்றான். நீங்கள் சிரித்துவிட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது ரப்பர் படகில் வந்து ஆட்களை ஏற்றிப்போனவர்களை அவன் மொட்டைமாடியில் நின்று பார்த்திருக்கிறான். குறுக்குத்துறையில் நீச்சல் பழகியவன், என்.சி.சி.யில் இருந்தவன். இது ஒருநாள் ஆசை இல்லை அண்ணாச்சி. இரண்டு வருடமாக மனதுக்குள் வைத்திருந்திருக்கிறான்.

தீயணைப்பு என்றால் மணி அடித்துக்கொண்டு போய்த் தண்ணீர் பீய்ச்சுவது என்றுதான் நினைக்கிறோம். துறையின் பெயரே தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை. நம் பக்கத்தில் அந்த மீட்புதான் பெரிய பங்கு. கிணற்றில் விழுந்த மாடு, ஆற்றுச் சுழலில் சிக்கிய பிள்ளை, பனைமரத்துக் கடந்தைக் குளவிக் கூடு, வீட்டுக்குள் புகுந்த பாம்பு எல்லாவற்றுக்கும் 101-க்குத்தான் அடிக்கிறோம்.

பாழுங்கிணற்றை எடுத்துக்கொள்ளுங்கள். தூர் வார இறங்கியவர் மயங்கி விழுவார். அவரைத் தூக்க இறங்கியவரும் விழுவார். உள்ளே நச்சுக்காற்று இருப்பது மேலே நிற்பவர்களுக்குத் தெரியாது. தீயணைப்பாளர் முதுகில் சிலிண்டரைக் கட்டி, முகமூடி மாட்டி, இடுப்புக் கயிற்றை மேலே இருப்பவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார். அந்தச் சிலிண்டரில் இருப்பது ஆக்சிஜன் இல்லை, அழுத்தி நிரப்பிய சாதாரணக் காற்றுதான். அது குறைந்ததும் விசில் அடிக்கும். விசில் கேட்டால், செய்த வேலை பாதியில் இருந்தாலும் மேலே வந்தாக வேண்டும். இந்த ஒழுங்கைத்தான் பயிற்சியில் உடம்பில் ஏற்றுகிறார்கள். ஹோஸ் விரிப்பது, ஏணி நிறுத்துவது, பம்ப் இயக்குவது, முதலுதவி, முடிச்சுகள் என்று ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்ய வைப்பார்கள். இருட்டிலும் கை தானாக முடிச்சுப் போடும் அளவுக்குப் பழக வேண்டும். துறையின் மாநிலப் பயிற்சி மையம் தாம்பரத்தில் இருக்கிறது. இந்தப் பயிற்சிக்கு நீங்கள் ஒரு பைசா கட்ட வேண்டாம்.

இந்த வேலையின் இன்னொரு பாதி ஊர் மக்களோடு. ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-ல் அதே ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்துக் கப்பல் வெடித்தபோது தீயணைக்கப் போய் உயிர்விட்டவர்களின் நினைவாக அது வந்தது. அந்த வாரத்திலும் தீபாவளிக்கு முன்பும் பள்ளி பள்ளியாகப் போய்ச் செய்து காட்டுவார்கள். கேஸ் கசிந்தால் ஸ்விட்சைத் தொடாதே, ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திற. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதே, மூடியால் மூடு. ஆற்றில் ஒருவர் தத்தளித்தால் நீயும் குதிக்காதே, கயிறோ காலிக் குடமோ வீசு. சின்னப் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசத் தெரிந்தவனுக்கு இந்த வேலையில் நல்ல இடம் உண்டு. தம்பிக்கு அது வரும்.

சரி, வழிக்கு வருவோம். சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலரோடு சேர்த்தே தீயணைப்பாளர் தேர்வையும் நடத்துகிறது. 2025 அறிவிப்பில் தீயணைப்பாளர் இடம் மட்டும் 631. கல்வித் தகுதி பத்தாம் வகுப்பு, தேர்வுக் கட்டணம் 250 ரூபாய், அடிப்படைச் சம்பளம் 18,200-ல் தொடங்குகிறது. தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுத்தால்தான் முதன்மைத் தாளையே திருத்துவார்கள். உயரம் பொதுவாக 170 சென்டிமீட்டர். ஓட்டம் 1,500 மீட்டர், ஏழு நிமிடத்துக்குள். கயிறும் ஏற வேண்டும். என்.சி.சி.க்குத் தனி மதிப்பெண் உண்டு, சான்றிதழைப் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள்.

போட்டி கடுமை என்பதை நான் மறைக்கவில்லை. முதல் முறையே கிடைத்துவிடும் என்று நம்பி வீட்டில் உட்கார வைக்கவும் சொல்லவில்லை. பாளையங்கோட்டையிலோ பேட்டையிலோ அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். வீட்டுச் சாப்பாடு, பஸ் பாஸ். எது எப்படி எரிகிறது என்பதே வேதியியல்தானே, அதை விரும்பிப் படிப்பான். பட்டம் வாங்கினால் நிலைய அலுவலர் தேர்வு எழுதலாம், சம்பளம் 36,900-ல் தொடங்கும். குரூப் 1 எழுதினால் மாவட்ட அலுவலராகவே நுழையலாம். மகள்களை வைத்திருப்பவர்களும் இதைக் கேளுங்கள்: தீயணைப்பாளர் பணி இதுவரை ஆண்களுக்குத்தான் என்றாலும், பிரியா ரவிச்சந்திரனும் மீனாட்சி விஜயகுமாரும் 2003-ல் குரூப் 1 வழியாகத்தான் இந்தத் துறைக்கு அதிகாரிகளாக வந்தார்கள்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஏமாந்துவிடாதீர்கள். "ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ, ஆறே மாதத்தில் வளைகுடா வேலை" என்று பேருந்து நிலையம் முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அரசுத் தீயணைப்பாளர் வேலைக்கு அந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. உண்மையிலேயே இதில் இன்ஜினியரிங் வேண்டுமென்றால் நாக்பூரில் தேசிய தீயணைப்புக் கல்லூரி இருக்கிறது, குசாட் என்கிற கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் படிப்பு இருக்கிறது. இரண்டுக்கும் கணக்கு வேண்டும் என்பதால் தம்பியை அந்தப் பக்கம் தள்ளாதீர்கள். தேர்வுப் பயிற்சிக்கும் பணம் கட்டாதீர்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள்.

மதினி, உங்கள் பயம் நியாயம். இது ஆபத்தே இல்லாத வேலை என்று சொன்னால் நான் பொய் சொல்கிறேன். அதனால் பாளையங்கோட்டைத் தீயணைப்பு நிலையத்துக்கு நீங்களே அவனோடு போங்கள். மூச்சுக்கருவியைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே வேலை பார்ப்பவர்களிடம் இரவுப் பணி பற்றி, லீவு பற்றி, அவர்கள் வீட்டுப் பெண்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது பற்றிக் கேளுங்கள்.

தம்பி நாளைக் காலையிலிருந்து அண்ணா விளையாட்டு அரங்கத்தில் ஓட ஆரம்பிக்கட்டும். செவ்வாய்க்கிழமை கல்லூரிக்கு முன்பணம் கட்டக் கடைசி நாள் என்றீர்களே, அதைக் கட்டாதீர்கள். அடுத்த சனிக்கிழமை அவன் 1,500 மீட்டரை எத்தனை நிமிடத்தில் ஓடினான் என்று குறித்து எடுத்துக்கொண்டு வாருங்கள். மைத்துனரைக் கூட்டி வர வேண்டாம்.