தீ விட்டுவைத்த வீடுகள்

அன்புள்ள ஐயா,

சான் பிரான்சிஸ்கோவில் ஃபிராங்க்ளின் தெருவின் ஹாஸ்-லிலியன்தால் வீட்டைக் குடும்பத்தோடு பார்த்தோம். 1886-இல் கட்டியது, 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் தப்பியது என்றார்கள். அப்புறம் ஃபில்மோர் பக்கம் நடந்தோம். தீ அங்கேயும் போகவில்லையாம். ஆனாலும் கியரி சாலையை ஒட்டிப் பழைய வீடுகளே காணோமே, ஏன்?

— ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

தீ விட்டுவைத்ததை நகர நிர்வாகமே இடித்துத் தள்ளியது.

1906-இல் நகர மையம் எரிந்ததும் கடைகளெல்லாம் ஃபில்மோர் தெருவுக்கு வந்தன. ஜப்பானியர்கள் பெருமளவில் குடியேறியதும் அப்போதுதான். பெரிய மர வீடுகளை அறை அறையாகத் தடுத்து வாடகைக்கு விட்டார்கள். 1942-இல் போரைக் காரணம் காட்டி ஜப்பானிய வம்சாவளியினரை முகாம்களில் அடைத்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். காலியான அறைகளுக்கு டெக்சாஸ், லூயிசியானா பக்கமிருந்து கப்பல் கட்டும் தளங்களுக்கு வேலைக்கு வந்த கறுப்பின மக்கள் குடிவந்தார்கள். நகரின் மற்ற பல பகுதிகளில் அவர்களுக்கு வீடு தரமாட்டார்கள். அவர்கள் வந்தபின் ஃபில்மோர் முழுக்க ஜாஸ் இசைதான். போஸ்ட் தெருவில் ஒரு விக்டோரியன் (பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணி) வீட்டின் பின்கட்டில் நடந்த 'பாப் சிட்டி' என்ற ஜாஸ் கிளப்பில் புகழ்பெற்ற சாக்ஸபோன் கலைஞர் சார்லி பார்க்கரே வாசித்திருக்கிறார்.

அந்த ஃபில்மோர் பகுதியைத்தான் 1948-இல் சீரழிந்த பகுதி என்று நகரம் அறிவித்தது. அடுத்த இருபது முப்பது வருடங்களில் தெருத்தெருவாக இடித்தார்கள். கியரியை அகலச் சாலையாக்கினார்கள். வெளியேற்றிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு, திரும்பி வந்தால் முன்னுரிமை என்று சான்றிதழ் கொடுத்தார்கள். வந்தவர்கள் மிகச் சிலரே. பல மனைகள் வருடக்கணக்கில் வெறுமனே கிடந்தன. இவ்வளவு அவசரமாக ஏன் இடித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

நீங்கள் பார்த்த வீட்டைக் கட்டியவர் வில்லியம் ஹாஸ், பவேரியாவிலிருந்து வந்த மளிகை மொத்த வியாபாரி. அவர் மகள் ஆலிஸ் 1972 வரை அங்கேயே வாழ்ந்தார். வசதியான ஒரே குடும்பத்தின் கையில் இருந்ததால் அதைச் சீரழிந்த வீடு என்று யாரும் சொல்லத் துணியவில்லை. அழகில் அதற்கு ஈடான வீடுகள் ஃபில்மோரிலும் இருந்தன.

அந்தக் குடும்பம் வீட்டை ஒப்படைத்த பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்புதான் 1974-இல், இடிபடவிருந்த 12 விக்டோரியன் வீடுகளை வேறு இடங்களுக்கு நகர்த்திக் காப்பாற்ற முன்னின்றது. பாப் சிட்டி இருந்த வீட்டையும் பெயர்த்தெடுத்து ஃபில்மோர் தெருவில் வைத்தார்கள். அடுத்த முறை போகும்போது குழந்தைகளை அங்கேயும் கூட்டிப்போங்கள்.