அப்பா வீட்டுப் பாத்திரங்களை எடைக்குப் போடலாமா?

கேள்வி: பெற்றோர் இருவரும் காலமாகிவிட்டார்கள். ஊர் வீட்டை விற்கப் போகிறோம். பொங்கல் விடுமுறையில் நான்கே நாள்தான் இருப்போம். வியாபாரி ஒருவர், "மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன், லாரியும் நானே கொண்டுவருகிறேன்" என்கிறார். கொடுத்துவிடலாமா? (மன்னார்குடி)

பதில்: கொடுக்காதீர்கள். நீங்கள் எதையும் திறந்து பார்ப்பதற்குள் ஏற்றிக்கொண்டு போவதில்தான் அவருக்கு லாபம். முதல் இரண்டு நாள் ஒரு கரண்டியைக்கூட விற்க வேண்டாம். பீரோ லாக்கர், பட்டுப்புடவை மடிப்பு, அரிசிப் பானையின் அடி, பூஜை அலமாரியில் சாமி படங்களின் பின்புறம் என்று எல்லா இடத்திலும் கைவிட்டுத் தேடுங்கள். நகை கிடைக்காவிட்டாலும் காகிதம் கிடைக்கும்: மூலப் பத்திரம், பழைய பங்குப் பத்திரம், மறந்துபோன பாஸ்புக். பத்தாண்டுகள் யாரும் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விடும். அப்படிப் போனாலும், வாரிசுகள் அதே வங்கியில் சான்றுகளோடு கேட்டுப் பெறலாம். அந்த பாஸ்புக்கைப் பழைய பேப்பரோடு கட்டிப் போட்டுவிட்டால் எந்த வங்கி என்றுகூடத் தெரியாமல் போகலாம்.

மூன்றாம் நாள் உறவுக்காரர்களுக்கும் தெருவுக்கும் சொல்லுங்கள். தேக்குக் கட்டிலுக்கும் கிரைண்டருக்கும் வியாபாரியைவிட நல்ல விலை கொடுப்பவர் பக்கத்துத் தெருவிலேயே இருப்பார். ஒவ்வொரு பொருளிலும் விலை எழுதி ஒட்டுங்கள். ஒருவர் மட்டும் விலை பேசட்டும், இன்னொருவர் பணத்தை வாங்கி நோட்டில் எழுதட்டும். மிஞ்சியதற்கு நான்காம் நாள் வியாபாரியைக் கூப்பிடுங்கள். ஒருவரை மட்டும் கூப்பிடாமல், மூன்று பேரைத் தனித்தனியாக வரச் சொல்லுங்கள்.

கேள்வி: தங்கை துபாயில் இருக்கிறாள். "சின்னச் சின்னச் சாமான்களுக்கெல்லாம் அவளைக் கேட்க வேண்டுமா?" என்கிறார் அண்ணன். (திருநெல்வேலி)

பதில்: கேட்டே ஆக வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த தந்தைக்கு மகனைப் போலவே மகளும் முதல் வகுப்பு வாரிசு. பாத்திரமும் பீரோவும் சொத்தில் சேர்ந்தவைதான்.

கேள்வி: அம்மாவின் அண்டா, குத்துவிளக்கு, உருளி, குடம் எல்லாவற்றையும் பழைய பாத்திரக்காரர் ஒரே தராசில் போட்டுப் 'பித்தளை' விலை கொடுத்தார். கழிவு என்று கிலோவுக்கு நூறு கிராம் பிடித்தார். இது சரியா? (கும்பகோணம்)

பதில்: சரியே இல்லை. வருடக்கணக்காக எனக்கு ஆத்திரமூட்டும் வழக்கம் இது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் கலந்தது. வெள்ளீயம் துத்தநாகத்தைவிடப் பல மடங்கு விலை கூடியது. செம்புக்கும் தனி விலை உண்டு. மூன்றையும் ஒன்றாகக் குவித்து, மூன்றிலும் மலிவான பித்தளையின் விலையைப் போடுவது பகல் கொள்ளை.

பிரித்துப் பார்ப்பது கடினமல்ல. புளி போட்டு ஓர் இடத்தைத் தேய்த்துப் பாருங்கள்: செம்பு சிவக்கும், பித்தளை மஞ்சளாகப் பளிச்சிடும். வெண்கலம் பெரும்பாலும் வார்ப்பு, கனமாக இருக்கும். உருளியின் காதைப் பிடித்துத் தொங்கவிட்டு விரல் கணுவால் தட்டினால் கணீரென்று ஒலித்து, ஒலி சற்று நேரம் நிற்கும். பித்தளைத் தகட்டுக் குடம் அப்படி நின்று ஒலிக்காது.

கழிவு என்பதும் கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பதல்ல. இரும்புப் பிடியோ வளையமோ இருந்தால் அந்த எடையைக் கழிக்கலாம். உள்ளே பூசிய ஈயத்துக்காகக் கிலோவுக்கு நூறு கிராம் பிடிப்பது அநியாயம். அந்தப் பூச்சு காகிதக் கனம்கூட இருக்காது. தராசில் எடையளவுத் துறையின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி அது கட்டாயம். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. அங்கே புகார் கொடுக்கலாம். வியாபாரியை அழைக்கும் முன் வீட்டிலேயே நிறுத்து, வகைவாரியாக எழுதி வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

இன்னொன்று. குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக வெட்டிய பெயரைப் படித்துப் பாருங்கள். பாட்டியின் பெயரும் கல்யாண வருடமும் இருக்கும். அதை உருக்கக் கொடுத்துவிட்டுப் பிறகு தேடி அலைந்து எனக்கு எழுதியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பாத்திரங்களைப் பேரப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகக் கொடுங்கள்.

கேள்வி: ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தபோது 'பர்மா தேக்கு' ஊஞ்சல் வாங்கினேன். வீட்டில் மாட்டிய பிறகுதான் பலகையின் அடியில் செல்லரித்திருப்பது தெரிந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா? (சேலம்)

பதில்: தங்கள் வீட்டுச் சாமானை ஒரு முறை விற்ற குடும்பம் வியாபாரி ஆகாது. ஆணையத்தில் உங்கள் வழக்கு நிற்பது கடினம். பலகையைப் புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்குமா? பழைய மரச்சாமானில் மேல்பக்கம் பாலிஷ் பேசும், அடிப்பக்கமும் மூட்டும்தான் உண்மை சொல்லும். 'பர்மா தேக்கு' என்று நான் வாங்கிய அலமாரியின் முதுகு ஒட்டுப்பலகை. இழுப்பறையை முழுவதும் வெளியே இழுத்திருந்தால் வாங்கிய அன்றே தெரிந்திருக்கும். அடுத்த முறை பகலில் போங்கள். தச்சர் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

கேள்வி: தாத்தாவின் செம்புக் கலசத்தில் இரிடியம் இருக்கிறதாம், கோடிக்கணக்கில் விலை போகுமாம். பரிசோதனைக்கு முன்பணம் கேட்கிறார்கள். (தருமபுரி)

பதில்: மோசடி. காவல் நிலையத்துக்குப் போங்கள்.

கேள்வி: அம்மாவின் தையல் இயந்திரத்தை இணையத்தில் விளம்பரம் செய்தேன். வாங்குவதாகச் சொன்னவர் பணம் அனுப்ப என்று ஒரு கியூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து, 'பின்' (PIN) என்ற ரகசிய எண்ணைப் போட்டதும் என் கணக்கிலிருந்து 18,000 ரூபாய் போய்விட்டது. வீட்டில் எல்லோரும் என்னைத் திட்டுகிறார்கள். (மதுரை)

பதில்: திட்டுகிறவர்கள் திருடனைத் திட்டட்டும். அம்மாவை இழந்த துக்கத்தில் இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்து ஏமாற்றியவன்தான் குற்றவாளி. நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. இதைப் படித்த கையோடு 1930 என்ற எண்ணை அழையுங்கள். அது இணையவழிப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் கைமாறிப் போவதற்குள் அந்தக் கணக்கை முடக்க முயல்வார்கள். அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். கியூஆர் படம், உரையாடல், பரிவர்த்தனை எண் எதையும் அழித்துவிடாதீர்கள். விற்கும் மற்றவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்: யுபிஐயில் பணம் பெற 'பின்' (PIN) எண் தேவையே இல்லை.

கேள்வி: பரணில் ஓலைச்சுவடிக் கட்டுகள் கிடைத்தன. பழம்பொருள் கடைக்காரர் ஐயாயிரம் தருகிறேன் என்கிறார். (தஞ்சாவூர்)

பதில்: விற்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, அறிவியல், வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள 75 ஆண்டுப் பழமையான சுவடியும் தொல்பொருள்தான். உரிமம் இல்லாதவர் அதில் வியாபாரம் செய்யக் கூடாது. உங்கள் ஊரிலேயே சரசுவதி மகால் நூலகம் இருக்கிறது. கட்டைப் பிரிக்காமல், வெயிலில் காட்டாமல், பருத்தித் துணியில் சுற்றி அங்கே கொண்டுபோய் என்ன சுவடி என்று கேளுங்கள்.