விமர்சனம் பண்ணா வெறுப்பா?

கேள்வி: ஆபீஸ்ல பேசிட்டு இருக்கும்போது ஒரு நாட்டோட போர்க் கொள்கை தப்புன்னு சொன்னேன். பக்கத்துல இருந்தவர் "அந்த நாட்டுக்காரங்களே அப்படித்தான்"னார், எல்லாரும் சிரிச்சாங்க. அந்த நாட்டைச் சேர்ந்த நண்பர் ஒருத்தரும் அங்க இருந்தார். "நீ எங்க நாட்டுக்கே எதிரி"ன்னு சொல்லிட்டு இப்ப என்கிட்ட பேசறதே இல்ல. நான் செஞ்சது தப்பா?

பதில்: கொள்கையை விமர்சிச்சதுல தப்பே இல்ல தம்பி. கொள்கைங்கறது ஆட்சியில இருக்கறவங்க எடுக்கற முடிவு, ஆள் மாறினா அதுவும் மாறலாம், அந்த நாட்டு மக்கள்லயே எத்தனையோ பேர் அதை எதிர்த்துட்டு இருப்பாங்க, அவங்களையும் எதிரின்னு சொல்லிட முடியுமா? அமெரிக்காவுல கறுப்பின மக்களோட சம உரிமைக்காகப் போராடின மார்ட்டின் லூதர் கிங், 1967 ஏப்ரல் 4 அன்னிக்கு நியூயார்க்ல ஒரு சர்ச்ல நின்னு, தன் நாடு வியட்நாம்ல நடத்தற போர் தப்புன்னு பேசினார். பெரிய பத்திரிகைங்களே அவரைத் திட்டி தலையங்கம் எழுதுச்சு, சிவில் உரிமை இயக்கத்துல இருந்தவங்களே சிலர் ஒத்துக்கல. இன்னிக்கு அதே அமெரிக்காவுல அவர் பேர்ல அரசு விடுமுறை விடறாங்க.

ஆனா உங்க லெட்டர்ல "எல்லாரும் சிரிச்சாங்க"ன்னு ஒரு வரி இருக்கே, என்னால அதைத் தாண்டிப் போக முடியல. கொள்கையைப் பத்தின பேச்சு அந்த இடத்துலயே முடிஞ்சு போச்சு, அதுக்கப்புறம் நடந்தது மனுஷங்களைப் பத்தின பேச்சு. இது எங்க போய் முடியும்னு அமெரிக்காவே காட்டியிருக்கு. ஜப்பான் அரசாங்கம் பண்ணின போருக்காக 1942ல இருந்து சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரை முள்வேலி முகாம்ல அடைச்சு வெச்சாங்க, கைக்குழந்தைங்க உட்பட. அதுல மூணுல ரெண்டு பங்கு பேர் அமெரிக்கக் குடிமக்கள்! அதுக்கு அரசு மன்னிப்பு கேக்கவே 1988 ஆயிடுச்சு.

அந்த அரசு நாளைக்கே போரை நிறுத்திட்டா உங்க கோபம் போயிடும்ல? அப்போ உங்களுது விமர்சனம்தான், சந்தேகமே வேணாம். பக்கத்துல இருந்தவர் சொன்னது அப்படி இல்லையே, எந்தக் கொள்கை மாறினாலும் அது மாறாது. உங்க நண்பருக்கு நீங்க பேசினதும் பக்கத்துல இருந்தவர் பேசினதும் ஒண்ணாவே காதுல விழுந்திருக்கும், நீங்களும் அந்த ஆள் சொன்னதை மறுக்கல.

கருத்தை வாபஸ் வாங்காதீங்க. நண்பர்கிட்ட தனியாப் போய் "அன்னிக்கு அவர் அப்படிச் சொன்னப்ப நான் சும்மா இருந்தது தப்பு"ன்னு மட்டும் சொல்லுங்க. அவரோட சொந்தக்காரங்க யாராவது அங்க போர் நடக்கற இடத்துல இருக்காங்களான்னும் கேளுங்க. கொள்கையைப் பத்தி அவரே பேச்செடுத்தா அப்புறமா பேசிக்கலாம்.