மருந்துக் கடையில் புதியவர்கள்

கேள்வி: அரசு மருத்துவமனைக்கு எதிரில் உள்ள ஒரு மருந்துக் கடையில் பதிவு பெற்ற மருந்தாளுநராகப் பணிபுரிகிறேன். அனுபவமுள்ள இருவர் விலகிவிட்டதால், முதலாளி மூன்று புதியவர்களைச் சேர்த்திருக்கிறார். மாலைக் கூட்ட நெரிசலில் தவறுகள் நேர்கின்றன. சென்ற வாரம் ஒரு குழந்தைக்குப் பாராசிட்டமால் சிரப்புக்குப் பதிலாகப் பாராசிட்டமால் சொட்டு மருந்து போய்விட்டது; அளவு கேட்க அந்தத் தாய் திரும்பி வந்ததால் தப்பித்தோம். எடுத்துக் கொடுத்த பெண்ணை எல்லோர் முன்னிலையிலும் கண்டித்துவிட்டேன். அதன் பிறகு அவர் என்னிடம் எதையுமே கேட்பதில்லை. எல்லாவற்றையும் நானே செய்துவிடலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலையடையச் செய்தது, அந்தப் பெண் இப்போது எதையுமே கேட்பதில்லை என்ற வரிதான். சொட்டு மருந்து மாறியது நல்லவேளையாகத் தெரிய வந்துவிட்டது. கேட்கப் பயந்து, இதுவாகத்தான் இருக்கும் என்று ஊகித்து எடுத்துக் கொடுக்கும் மருந்து யாருக்கும் தெரியாமலே வீடு போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே முதலில் அவரிடம் தனியாகப் பேசி, எல்லோர் எதிரிலும் கண்டித்ததற்கு வருத்தம் தெரிவியுங்கள். பிறகு கூட்டமில்லாத பிற்பகலில் இரண்டு பாட்டில்களையும் அருகருகே வைத்து லேபிளை அவரையே படிக்கச் சொல்லுங்கள். பரவலாக விற்கும் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கிறது. சிரப்பிலோ 5 மில்லியில்தான் 125 அல்லது 250 மில்லிகிராம். சிரப் என்று நம்பி 5 மில்லி புகட்டியிருந்தால் 500 மில்லிகிராம் உள்ளே போயிருக்கும். இந்தக் கணக்கைத் தானே போட்டுப் பார்த்தவர் பிறகு மறக்கமாட்டார்.

பிற்பகல்தோறும் இப்படிப் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் கடையில் அதிகம் விற்பவற்றிலிருந்தே பாடத்தைத் தொடருங்கள். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் டெல்மிசார்ட்டான் அட்டையில் பெயருக்குப் பின்னால் ‘ஏஎம்’ என்றிருந்தால் அம்லோடிபினும், ‘எச்’ என்றிருந்தால் ஹைட்ரோகுளோரோதயசைடும் என இன்னொரு மருந்து சேர்ந்திருக்கிறது என்பது நமக்குப் பார்த்தவுடன் புரியும். நேற்று வந்தவருக்கு அது வெறும் எழுத்து. இன்சுலின் ஊசியும் அப்படித்தான். சிவப்பு மூடி போட்டது மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி போட்டது 100 யூனிட் உள்ளதற்கு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் ஏற்றினால், நோயாளி வழக்கமான கோடுவரை இழுத்தாலும் இரண்டரை மடங்கு இன்சுலின் உடம்பில் ஏறிவிடும். மூடியின் நிறத்தைச் சொல்லித்தர ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனாலும் பல கடைகளில் யாரும் சொல்லித்தருவதில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய முயன்றால், களைப்பில் அடுத்த தவறு உங்கள் கையாலேயே நேரும். பில் போடுவது, ரேக் அடுக்குவது, காலாவதித் தேதி பார்ப்பது ஆகியவற்றை அவர்களிடம் விடுங்கள். சீட்டைப் பார்த்து மருந்தை எடுத்து, சீட்டோடு ஒரு தட்டில் வைப்பதுவரை அவர்கள் வேலை. தட்டைச் சரிபார்த்து, அளவைச் சொல்லி நோயாளியின் கையில் கொடுப்பது உங்கள் வேலை. மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்குவது பதிவு பெற்ற மருந்தாளுநரின் பொறுப்பு என்று 1948-ஆம் ஆண்டின் பார்மசி சட்டம் 42-ஆம் பிரிவில் சொல்லியிருப்பதால், இந்த ஏற்பாட்டை முதலாளியும் மறுக்க இயலாது. கூட்டம் நெருக்கும் நேரத்துக்கு இன்னொரு மருந்தாளுநர் வேண்டும் என்று இதே காரணத்தைக் காட்டி அவரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை மட்டும் புதியவர்கள் எடுக்கவே வேண்டாம். மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டுமே போட வேண்டிய அதைத் தினமும் போட்டு உயிரிழந்தவர்கள் உண்டு. நீங்களே எடுத்து, எந்தக் கிழமை என்று அட்டையின் மேலேயே பேனாவால் எழுதி, நோயாளியைத் திருப்பிச் சொல்லச் செய்த பிறகு கொடுங்கள். அப்போது அந்தப் பெண்ணையும் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.