பதில்: விண்வெளியில் துப்பாக்கி வெடிக்குமா?

உங்கள் கதையில் வீரர் விண்வெளியில் மிதந்தபடி கைத்துப்பாக்கியால் சுட்டதும் பின்னால் பறந்துபோகிறார். காற்றே இல்லாமல் அது வெடிக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வெடிக்கும். எரியத் தேவையான ஆக்சிஜன் வெடிமருந்துக்குள்ளேயே இருக்கிறது. பறப்பதைத்தான் மாற்ற வேண்டும். 8 கிராம் தோட்டா நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் போனால், விண்வெளி உடையோடு 160 கிலோ இருப்பவர் நொடிக்கு 2 சென்டிமீட்டர்கூட நகரமாட்டார். ஆனால் தோள் உயரத்தில் நீட்டிச் சுட்டால் உடம்பு மெல்லச் சுழல ஆரம்பிக்கும், பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. கதைக்கு அருமையான இடம் அது, விட்டுவிடாதீர்கள்! 1975இல் சோவியத் சல்யூட்-3 விண்வெளி நிலையத்தின் பீரங்கியைக்கூட ஆளில்லாத நேரத்தில்தான் சுட்டுப் பார்த்தார்கள். அப்புறம், உங்கள் கதையில் வரும் ஏவுகணையின் வால் சிறகுகளை எடுத்துவிடுங்கள். காற்று இல்லாமல் அவற்றால் திருப்ப முடியாது. பக்கவாட்டில் வாயுவைப் பீய்ச்சித் தள்ளும் சின்னச் சின்ன உந்திகள் வையுங்கள்.