எடை குறைந்தால் சொரியாசிஸ் போய்விடுமா?

கேள்வி: எனக்கு வயது 38. ஆறு ஆண்டுகளாக முழங்கை, முழங்கால், தலையில் சொரியாசிஸ் இருக்கிறது. உயரம் 168 செ.மீ., எடை 94 கிலோ. கடந்த இரண்டு ஆண்டுகளில் எடை கூடக் கூட, திட்டுகளும் முதுகு, தொடை என்று பரவிவிட்டன. தினமும் ஏழெட்டு சிகரெட் பிடிப்பேன். இது வாழ்நாள் முழுக்க இருக்குமா? எடையைக் குறைத்தால் போய்விடுமா? காலையில் எழுந்ததும் குதிகால் வேறு வலிக்கிறது, அதுவும் எடையால்தான் என்று நினைக்கிறேன்.

பதில்: இந்த நோய் வரும் தன்மை பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. அதனால் அடியோடு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படி உத்தரவாதம் தருபவர்களிடமிருந்து எட்டியே இருங்கள். ஆனால் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், உடம்பில் திட்டே இல்லாமல் இருப்பது இன்றைய சிகிச்சையில் நடக்கிற காரியம்தான்.

40 வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தாலோ, குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தாலோ நோய் கொஞ்சம் பிடிவாதமாக இருக்கும். அதை நம்மால் மாற்ற முடியாது. எடை அப்படியில்லை. உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 33-க்கு மேல், அதாவது உடல் பருமன். வயிற்றைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சும்மா இருப்பதில்லை, டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருட்களை இடைவிடாமல் ரத்தத்தில் கலக்கிறது. சொரியாசிஸுக்குப் போடப்படும் அடாலிமுமாப் ஊசி தடுப்பதும் இதே டி.என்.எஃப். ஆல்ஃபாவைத்தான். ஒரு பக்கம் ஊசி போட்டு அடக்கிக்கொண்டே, மறுபக்கம் உடம்பே அதைச் சுரந்துகொண்டிருந்தால் என்ன ஆகும்?

மருந்தின் அளவிலும் சிக்கல் வரும். எல்லோருக்கும் ஒரே அளவில் கொடுக்கும் ஊசிகள் பருத்த உடம்பில் போதாமல் போவதுண்டு. சொரியாசிஸுக்குப் போடும் இன்னொரு ஊசியான உஸ்டெகினுமாப் மருந்தை 100 கிலோவுக்கு மேல் இருப்பவர்களுக்கு 45 மி.கி.க்குப் பதில் 90 மி.கி. போடுவது அதனால்தான். சொரியாசிஸுக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்ஸேட் மாத்திரையை எடுத்துக்கொண்டால், பருமனோடு கல்லீரலில் கொழுப்பும் சேர்ந்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வரும் வாய்ப்பு அதிகம். மது குடித்தால் இன்னும் மோசம்.

எடையைக் குறைப்பது மட்டுமே மருந்தாகிவிடாது. ஆனாலும் உடல் எடையில் 5 முதல் 10 சதவீதம், உங்கள் கணக்கில் ஐந்திலிருந்து ஒன்பது கிலோ இறங்கினாலே திட்டுகளின் தடிப்பும் செதிலும் குறைவதைப் பலரிடம் பார்க்கலாம். முன்பு சரியாக வேலை செய்யாத மருந்து வேலை செய்யத் தொடங்குவதும் உண்டு. பட்டினி வேண்டாம், மெதுவாகக் குறையுங்கள். திட்டுகளைப் பிறர் பார்ப்பார்களே என்று கூச்சப்பட்டு நடைப்பயிற்சியையே விட்டுவிடுகிறவர்கள் அநேகம். எடை ஏறுவதற்கு அதுவும் ஒரு காரணம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டாவது நடங்கள். சிகரெட்டைப் பற்றி நீட்டி முழக்கப் போவதில்லை. அது நோயையும் கூட்டும், மருந்தின் பலனையும் குறைக்கும். விட்டுவிடுங்கள்.

கடைசி வரியில் போகிற போக்கில் குதிகால் வலி என்று எழுதியிருக்கிறீர்களே, உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அதுதான். எடை கூடியவர்களுக்குக் குதிகால் வலிப்பது சகஜம், நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் சொரியாசிஸ் உள்ளவர்களில் 30 சதவீதம் பேர் வரைக்கும் மூட்டழற்சி வருகிறது. தசைநாண் எலும்போடு ஒட்டும் இடத்தில், குறிப்பாகக் குதிகாலில், அது தொடங்குவதுண்டு. தலையில் திட்டு இருப்பவர்களுக்கும், நகம் பாதிக்கப்பட்டவர்களுக்கும் வாய்ப்பு கூடுதல். பருமன் அதை மேலும் கூட்டும்.

இன்று வெளிச்சத்தில் உட்கார்ந்து நகங்களைப் பாருங்கள். குண்டூசியால் குத்தியது போன்ற சிறு குழிகள், நகத்தின் அடியில் எண்ணெய் படிந்தாற்போல் மஞ்சள் நிறம், நுனியில் நகம் சதையை விட்டுப் பிரிவது, இவற்றில் ஏதாவது இருக்கிறதா? காலையில் மூட்டுகளின் விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்து, நடமாட நடமாடக் குறைகிறதா? ஒரு விரல் முழுதும் வீங்கியதுண்டா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் தள்ளிப்போடாமல் மூட்டுவாத நிபுணரைப் பாருங்கள். தோல் திட்டு ஆறினால் பொதுவாகத் தழும்பு இருக்காது. அரித்துப்போன மூட்டு பழையபடி ஆகாது. சில மாதத் தாமதம்கூட இதில் நஷ்டம்தான்.

இன்னொன்று. சீக்கிரம் குறைகிறதே என்று ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். நிறுத்தியதும் உடம்பெல்லாம் சிவந்து, சீழ்க் கொப்புளங்களோடு நோய் திரும்பிய நோயாளிகள் உண்டு. ரத்த அழுத்தத்துக்கோ மனநலத்துக்கோ மாத்திரை எடுத்தால் அதைத் தோல் மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் சில பீட்டா பிளாக்கர்களும், மனநலத்துக்குத் தரும் லித்தியமும் சொரியாசிஸைக் கிளறிவிடும்.

நிபுணரிடம் போகும்போது சர்க்கரை, கொழுப்பு, ரத்த அழுத்தம், கல்லீரல் பரிசோதனைகளையும் முடித்துக்கொள்ளுங்கள். முடக்குவாதக் காரணி (முடக்குவாதத்தைக் கண்டறியப் பார்க்கும் ரத்தப் பொருள், ஆர்.ஏ. ஃபேக்டர்) ரத்தத்தில் இல்லை என்று ரிப்போர்ட் வந்தால், மூட்டில் பிரச்சினை இல்லை என்று திரும்பிவிட வேண்டாம். சொரியாசிஸ் மூட்டழற்சியில் பெரும்பாலும் அது இருக்காது. தொடக்கத்தில் எக்ஸ்-ரேயும் சரியாகவே இருக்கும். குதிகாலுக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்கலாமா என்று கேளுங்கள்.